புது விண்டோஸுக்கு மாறியபின் எளிய ஈமெயில் புரோகிராம்: தேர்வு முதல் பேக்கப் வரை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டிக் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆபீஸ்களிலும், பர்கூர் கிரானைட் பட்டறைகளிலும், தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்பிங் சென்டர்களிலும் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மாற்றியவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என் மெயில் எல்லாம் எங்கே போச்சு? பழைய மாதிரி ஒரு சாதாரண மெயில் புரோகிராம் கிடைக்காதா?"

கிடைக்கும். ஆனால் புரோகிராமைத் தேடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: உங்கள் கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன, சர்வரிலா (மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்), உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலா? இது தெரியாமல் எந்தப் புரோகிராமை நிறுவினாலும் அரைகுறைதான். தெரிந்துவிட்டால் மீதி அரை நாள் வேலை.

மாற்றும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாங்கூழ் தொழிலில் இருப்பவர்கள் மே முதல் ஜூலை வரை இதில் கை வைக்காதீர்கள். ஓசூர், தளி பக்கம் ரோஜா ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி ஆகாது. ஆர்டர் வரும் நேரத்தில் ஒரு நாள் மெயில் நின்றாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து, உங்கள் மெயில் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக லாகின் செய்யுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதங்கள் அங்கே தெரிகின்றனவா? தெரிந்தால் அவை சர்வரில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் என்ன அழிந்திருந்தாலும் கவலை இல்லை. கடைசி சில நாட்களின் கடிதங்கள் மட்டும் தெரிந்தாலோ இன்பாக்ஸ் காலியாக இருந்தாலோ, உங்கள் பழைய புரோகிராம் கடிதங்களை டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்குக் காரணம் இரண்டு முறைகள். பாப் முறை என்பது தபால் ஆபீஸுக்குப் போய்க் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவது. ஐமேப் முறையில் கடிதம் தபால் ஆபீஸிலேயே இருக்கும், நீங்கள் பார்க்கிறீர்கள், ஒரு நகல் உங்களிடமும் இருக்கும். ஜிமெயில் பழக்கத்துக்கு வருவதற்கு முன் சர்வரில் இடம் மிகக் குறைவு. அதனால் அந்தக் காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் புரோகிராமில் எல்லோரும் பாப் வைத்தார்கள். அந்த செட்டிங்கே அதற்குப் பின் வந்த விண்டோஸ் லைவ் மெயிலுக்கும் வந்து, பத்துப் பதினைந்து வருடமாக மாறாமலே இருக்கும் ஆபீஸ்கள் இன்னும் உண்டு. சொந்த டொமைன் பெயரில் (கம்பெனி பெயரிலேயே முடியும் முகவரி) மெயில் வைத்திருக்கும் சிறு கம்பெனிகள்தான் இதில் அதிகம்.

உங்களுடையது பாப் என்று தெரிந்தால், அடுத்த பகுதியை இன்றே செய்யுங்கள். ஐமேப் என்றால் அதைத் தாண்டிப் போகலாம்.

பத்து நாள் கெடு

பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றும்போது, முந்தைய சிஸ்டம் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கப்படும். விண்டோஸ் அதைப் பத்து நாளில் தானாகவே அழித்துவிடும். டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதற்கும் முன்பே போய்விடும். இடம் போதவில்லை என்று யாராவது கிளீன் செய்யச் சொன்னால், மெயிலை எடுத்த பிறகு என்று சொல்லுங்கள்.

எடுக்கும் வழி இது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று போய் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைத் தெரியவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் 'ஆப்டேட்டா' ஃபோல்டர் கண்ணில் படாது, மெயில் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். பிறகு சி டிரைவில் 'யூசர்ஸ்', உங்கள் பெயர், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ் லைவ் மெயில்' என்று வரிசையாகத் திறங்கள். அங்கே இல்லையென்றால் விண்டோஸ்.ஓல்டுக்குள் போய் இதே வரிசையைத் திரும்பத் தேடுங்கள். உள்ளே 'இஎம்எல்' என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். ஒரு ஃபைல் ஒரு கடிதம். எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் 'டிபிஎக்ஸ்' என்று முடியும் ஃபைல்கள். ஒவ்வொன்றும் ஒரு முழு ஃபோல்டர்.

கண்டதும் முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். கட் செய்ய வேண்டாம். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பல ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் 4 ஜிபிக்குப் பெரிய ஒற்றை ஃபைல் ஏறாது. பென்டிரைவில் 20 ஜிபி காலி இருந்தாலும் 'ஃபைல் மிகப் பெரிது' என்றே வரும். காலிப் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

சிஸ்டத்தைச் சர்வீஸ் கடைக்குக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே இந்தக் காப்பியை எடுத்துவிடுவது நல்லது. சி டிரைவை ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றுவது மெக்கானிக்குக்கு எளிய வழி. டி டிரைவில் உள்ள போட்டோ, டேலி டேட்டா எல்லாம் பத்திரமாக இருக்கும், மெயில் மட்டும் போய்விடும், ஏனென்றால் அது சி டிரைவில் மறைந்த ஃபோல்டரில் இருந்தது.

எந்தப் புரோகிராம்?

பழையதையே திரும்பப் போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் லைவ் மெயிலுக்கு ஆதரவு 2017 ஜனவரி 10 அன்றே முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதை இப்போது தருவதில்லை. வேறு தளங்களில் கிடைக்கும் இன்ஸ்டாலர்களில் கூடவே என்ன வருகிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் வங்கிக் கடிதங்களைத் திறக்கப்போகும் புரோகிராம் அது, அந்த ஆபத்து வேண்டாம். விண்டோஸ் 10இல் இருந்த 'மெயில்' ஆப்பும் 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது.

அதற்குப் பதிலாக விண்டோஸ் 11இல் இருப்பது புதிய அவுட்லுக். இலவசமாக உபயோகித்தால் விளம்பரம் வரும், அதுவும் கடிதப் பட்டியலுக்குள்ளேயே கடிதம் போல. இன்னொன்று, ஜிமெயில், யாஹூ போன்ற வேறு நிறுவனக் கணக்கைச் சேர்த்தால் கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகும். கணக்கைச் சேர்க்கும்போதே அதற்குச் சம்மதம் கேட்கும். சம்மதம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எளிமையாக, விளம்பரம் இல்லாமல், கடிதங்கள் சர்வருக்கும் நமக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை தண்டர்பேர்ட்.

மொசில்லாவின் தயாரிப்பு அது. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. இலவசம்; கடைக்கும் கம்பெனிக்கும் உபயோகித்தாலும் இலவசம்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு: ஈஎம் கிளையன்ட் என்ற இன்னொரு நல்ல புரோகிராம் இருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் அதன் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்கு வைத்தால் காசு கட்ட வேண்டும்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய சிஸ்டம் என்றால்? விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்கள் பல இதற்குள் வரமாட்டா. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளலாம், தண்டர்பேர்ட் அதனுடனேயே வரும். ராம் 2 ஜிபிதான் என்றால் கிளாஸ் மெயில் (Claws Mail) என்ற சின்னப் புரோகிராம் பொருந்தும். தோற்றம் பழைய காலத்தது, ஆனால் வேகம். விண்டோஸ் 7லேயே இருக்கிறவர்களுக்குத் தண்டர்பேர்டின் 115ஆம் பதிப்புதான் கடைசி. அது ஓடும், ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் பணப் பரிமாற்ற மெயிலைத் திறப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

நிறுவி, கணக்கைச் சேர்த்தல்

தண்டர்பேர்ட் புள்ளி நெட் என்ற தளத்தில் இருந்து இறக்குங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து. தேடுபொறியில் தேடினால் மேலே வரும் முதல் இரண்டு மூன்று இணைப்புகள் விளம்பரமாக இருக்கலாம். அட்ரஸை நீங்களே டைப் செய்வது பாதுகாப்பு.

1. நிறுவித் திறந்ததும் பெயர், மெயில் முகவரி கேட்கும். இங்கே கொடுக்கும் பெயர்தான் எதிராளிக்குத் தெரியும். கடைப் பெயர் வேண்டுமென்றால் இப்போதே கொடுங்கள்.

2. 'கன்டினியூ' அழுத்தினால் சர்வர் விவரங்களைத் தானே தேடிக்கொள்ளும். ஐமேப், பாப் இரண்டும் காட்டினால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மெயிலைப் பார்ப்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம்.

3. ஜிமெயில் என்றால் கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும். வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்து, தண்டர்பேர்டுக்கு அனுமதி கொடுங்கள். யாஹூவும் அவுட்லுக் டாட் காமும் இப்படியே.

4. முடிந்ததும் முகவரிப் புத்தகத்தையும் காலண்டரையும் இணைக்கவா என்று கேட்கும். கூகுள் கான்டாக்ட்ஸில் ஆட்கள் இருந்தால் முகவரிப் புத்தகத்தை மட்டும் இணையுங்கள். காலண்டர் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜன்னல் வெள்ளையாகவே நிற்கும், அல்லது லாகின் ஆகி மறுபடி மறுபடி கேட்கும். 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் தளங்களின் குக்கீயை (லாகினை நினைவில் வைக்கத் தளம் போடும் சிறு குறிப்பு) ஏற்கும் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிக் போட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.

சர்வரைத் தானாகக் கண்டுபிடிக்காத கணக்குகளுக்குக் கையால் கொடுக்க வேண்டும். ஜிமெயிலுக்கு உள்வரும் சர்வர்: ஐமேப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம், போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல். வெளிச்செல்லும் சர்வர்: எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம், போர்ட் 465 எஸ்எஸ்எல், அல்லது 587 ஸ்டார்ட்டிஎல்எஸ். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். யாஹூவில் முதல் வார்த்தைக்குப் பின் 'மெயில்' என்பதும் சேரும்: ஐமேப் புள்ளி மெயில் புள்ளி யாஹூ புள்ளி காம். போர்ட் எண்கள் அதேதான். சொந்த டொமைன் என்றால் உங்களுக்கு ஹோஸ்டிங் கொடுத்தவரிடம் சர்வர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்; யூசர்நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரி, அதன் முன்பாதி அல்ல. பழைய செட்டிங்கில் வெளிச்செல்லும் போர்ட் 25 என்று இருந்தால் அதை அப்படியே எழுதாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் அந்த வாசலை மூடிவைத்திருக்கின்றன. மெயில் வரும், போகாது.

ஆப் பாஸ்வேர்ட், அதாவது ஒரு புரோகிராமுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்ட், பற்றியும் சொல்ல வேண்டும். கிளாஸ் மெயில் போன்ற எளிய புரோகிராம்களிலும், மெயில் அனுப்பும் ஸ்கேனர் மெஷின்களிலும் கூகுளின் வழக்கமான பாஸ்வேர்ட் வேலை செய்யாது. 2022 மே 30க்குப் பிறகு கூகுள் அதை நிறுத்திவிட்டது. கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பக்கத்தில் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் முறை) முதலில் இயக்குங்கள். அதன் பின் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று தேடி, ஒரு பெயர் கொடுத்தால் 16 எழுத்துகள் கிடைக்கும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் அடித்தாலும் சரி. ஒருமுறைதான் காட்டும்.

இரட்டைச் சரிபார்ப்பு போட்டவுடன் இன்னொரு வேலையும் செய்யுங்கள். அதே பக்கத்தில் 'பேக்கப் கோட்ஸ்' என்று எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். பேப்பரில் அச்சடித்துப் பீரோவில் வையுங்கள். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை பக்கம் டவர் வந்து வந்து போகும் இடங்களில், எஸ்எம்எஸ் கோட் வரும் வரை காத்திருந்து லாகின் காலாவதியாவது சகஜம். அங்கே இந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

கண்ணுக்கு எளிமையாக்குதல்

தண்டர்பேர்டைத் திறந்தவுடன் சிலர் பயந்துவிடுகிறார்கள். இடது ஓரத்தில் ஒரு பட்டை, வலப்பக்கம் காலண்டர், நடுவில் அட்டை அட்டையாகக் கடிதங்கள். ஐந்து நிமிடத்தில் இதைப் பழைய லைவ் மெயில் தோற்றத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஆல்ட் கீயை அழுத்தினால் மேலே மெனு பட்டை வரும். 'வியூ', 'டூல்பார்ஸ்' போய் 'மெனு பார்' டிக் போட்டால் நிரந்தரமாக நிற்கும். அங்கேயே 'ஸ்பேசஸ் டூல்பார்' டிக்கை எடுத்துவிட்டால் இடது ஓரப் பட்டை மறையும். காலண்டர் பட்டையை எஃப்11 மறைக்கும். 'வியூ', 'லேஅவுட்'டில் 'கிளாசிக் வியூ' என்றால் மேலே பட்டியல், கீழே கடிதம். பட்டியலின் தலையில் உள்ள சின்னத்தைக் கிளிக் செய்து 'டேபிள் வியூ' தேர்ந்தெடுத்தால் அட்டைகள் போய் வரிசைகள் வரும்: அனுப்பியவர், விஷயம், தேதி. ஒரே விஷயத்தின் பதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கியிருப்பது பிடிக்காதவர்கள் 'வியூ', 'சார்ட் பை', 'அன்த்ரெடட்' என்று வையுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பவர்களுக்கு வலது மேல் மூலையில் மூன்று கோடு மெனுவில் 'ஃபான்ட் சைஸ்' பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறது. ரிட்டயர்ட் ஆனவர்களுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டுப் பிறகு மற்றதைக் காட்டுங்கள்.

தேதியைக் கவனியுங்கள். புது விண்டோஸ் ஏற்றும்போது பிராந்தியம் அமெரிக்கா என்று இருந்துவிட்டால், ஏப்ரல் 3 என்பது 4/3 என்று தெரியும். பணம் கட்டும் கெடு போட்ட கடிதங்களில் இது வம்பு. விண்டோஸில் பிராந்திய வடிவத்தை இங்கிலிஷ் இந்தியா என்று மாற்றி, தண்டர்பேர்டின் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதியில் தேதி வடிவம் 'ரீஜனல் செட்டிங்ஸ்' பக்கம் இருக்கும்படி வைத்தால் நாள் முன்னால் வரும்.

கடைசியாக, இதையே கம்ப்யூட்டரின் வழக்கமான மெயில் புரோகிராமாக ஆக்குங்கள். விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டீஃபால்ட் ஆப்ஸ்', அதில் தண்டர்பேர்ட், அங்கே 'மெயில்டூ' என்ற வரியில் தண்டர்பேர்ட் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்கேனர் மென்பொருளில் 'மெயில் அனுப்பு' அழுத்தும்போது புரோகிராம் இல்லை என்று வரும். விண்டோஸ் 11இல் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'சென்ட் டூ' போகவேண்டுமென்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டும். அது காணாமல் போகவில்லை, உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது.

பழைய கடிதங்களைக் கொண்டுவருதல்

லைவ் மெயிலின் இஎம்எல் ஃபைல்கள் கொஞ்சம்தான் என்றால், தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' மேல் ரைட் கிளிக் செய்து 'பழைய மெயில்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல்களை எல்லாம் தேர்ந்தெடுத்து இழுத்துவந்து பட்டியலில் விடுங்கள். சில நூறு கடிதங்களுக்கு இது போதும்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற ஆட்-ஆனை 'டூல்ஸ்', 'ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ்' வழியாக நிறுவுங்கள். அதன் பின் நீங்கள் போட்ட ஃபோல்டரை ரைட் கிளிக் செய்தால் இந்தப் பெயர் வரும். ஒரு ஃபோல்டருக்குள் உள்ள எல்லா ஃபைல்களையும், உட்ஃபோல்டர்கள் உட்பட, இறக்குமதி செய்யும் வழி அதில் இருக்கிறது. பென்டிரைவில் இருந்து நேரடியாகச் செய்தால் மணிக்கணக்கில் இழுக்கும். முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு அங்கிருந்து ஏற்றுங்கள்.

பழைய சிஸ்டம் இன்னும் ஓடுகிறது என்றால் வேறு புத்திசாலித்தனமான வழி உண்டு. பழைய புரோகிராமிலேயே உங்கள் ஜிமெயிலை ஐமேப் கணக்காகச் சேர்த்து (ஆப் பாஸ்வேர்ட் வேண்டும்), டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்களை அந்தக் கணக்குக்குள் இழுத்து விடுங்கள். கடிதங்கள் சர்வருக்கு ஏறிவிடும். எந்தப் புதுப் புரோகிராமிலும் தானாக வந்து நிற்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் ஃபைல்களுக்கு இதுபோல சர்வர் வழியாகப் போக முடியாது, ஏனென்றால் அவ்வளவு பழைய புரோகிராமால் இன்றைய பாதுகாப்பு இணைப்பைப் பேச முடிவதில்லை. அவற்றிலிருந்து கடிதங்களை இஎம்எல் ஃபைல்களாக இழுத்து ஒரு சாதாரண ஃபோல்டரில் போட்டு, அதைத் தண்டர்பேர்டுக்குக் கொண்டுவாருங்கள். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. போட்டோவும் டிரைவும் இதிலேயே பங்கு. ஏற்றும் முன் எவ்வளவு காலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மொத்தமும் ஏற்றினால் கூகுள் நடுவில் நிறுத்திவைக்கும். வருடம் வருடமாக, இரவில் ஏற்றுவது நல்லது.

முகவரிகளுக்கு, பழைய புரோகிராமில் 'எக்ஸ்போர்ட்' செய்து சிஎஸ்வி ஃபைலாக எடுத்துத் தண்டர்பேர்டின் 'டூல்ஸ்', 'இம்போர்ட்'டில் கொடுங்கள். எந்தப் பத்தி பெயர், எந்தப் பத்தி மெயில் முகவரி என்று அது கேட்கும். தமிழில் சேமித்த பெயர்கள் இந்த வழியில் கேள்விக்குறிகளாக மாறுவதுண்டு. அப்படி ஆனால் விகார்டு என்ற முகவரி அட்டை வடிவில் எடுத்துப் பாருங்கள்.

தமிழ் சரியாகத் தெரிய

யூனிகோடில் எழுதிய கடிதங்கள் புது விண்டோஸில் தொல்லை தருவதில்லை. நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது. பழைய லதா எழுத்துருவே வேண்டும் என்பவர்கள் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும்.

தொல்லை, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய கடிதங்களில். பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துரு முறைகளில் எழுதியவை ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். எழுத்துரு இல்லாததுதான் காரணம், கடிதம் கெடவில்லை. கடிதத்தின் உரையைக் காப்பி செய்து எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். யூனிகோடுதான், ஆனாலும் சிதறித் தெரிகிறது என்றால் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்துங்கள்.

டைப் செய்ய: விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லேங்குவேஜ்', 'லேங்குவேஜ் அண்ட் ரீஜன்', அங்கே தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டுகளில் தமிழ்99 அல்லது ஒலிமுறைக் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும்.

என்னென்ன கெடும், ஏன்?

சான்றிதழ் (சர்வர் உண்மையானதுதான் என்பதற்கான அத்தாட்சி) பிழை என்று எல்லாக் கணக்கிலும் ஒரே நேரத்தில் வந்தால், முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டச் செல் தீர்ந்துபோனால், கரன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடும். சர்வரின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று புரோகிராம் நினைக்கும். செல்லை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. 'விதிவிலக்கு சேர்' என்ற பட்டனை அவசரத்தில் அழுத்த வேண்டாம்.

ஜிமெயில் சேர்த்ததும் டிஸ்க் நிறைகிறதா? 'ஆல் மெயில்' ஃபோல்டர்தான் காரணம். இன்பாக்ஸில் உள்ள கடிதம் அதிலும் இருப்பதால் இரண்டு முறை இறங்குகிறது. கணக்கின் மேல் ரைட் கிளிக், 'சப்ஸ்கிரைப்', அதில் 'ஆல் மெயில்' டிக்கை எடுங்கள்.

ஒரே ஆபீஸில் நான்கைந்து கம்ப்யூட்டரில் ஒரே கம்பெனி மெயில் ஓடினால், சில நேரம் 'இணைப்புகள் அதிகம்' என்று சர்வர் மறுக்கும். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு ஐந்து இணைப்பு வரை வைத்துக்கொள்ளும். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'சர்வர் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்ட்' போய் அதை 2 ஆக்குங்கள்.

பாப் முறையையே தொடர்பவர்கள் கவனத்துக்கு: 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்பதன் கீழ் 14 நாள் என்று ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் பதினைந்தாம் நாள் கடிதம் சர்வரில் இருக்காது, போனிலும் இருக்காது. தெரிந்து வைத்திருந்தால் சரி, தெரியாமல் இருக்கக் கூடாது.

கடிதங்களை அழித்தும் டிஸ்க்கில் இடம் காலியாகவில்லை என்றால் காரணம் இது: தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் கடிதங்களை எல்லாம் ஒரே ஃபைலில் வைக்கிறது. அழித்தவை 'காம்பாக்ட்' செய்யும் வரை உள்ளேயே மறைந்திருக்கும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' அழுத்துங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், கரன்ட் அடிக்கடி போகும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஃபைலைத் திருப்பி எழுதும் நடுவில் கரன்ட் போனால் முழு ஃபோல்டரும் கெடலாம். எல்லாக் கடிதமும் ஒரே ஃபைலில் இருப்பதால், ஒரு கடிதத்தில் வைரஸ் இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் முழு இன்பாக்ஸ் ஃபைலையும் பூட்டிவிடுவதுண்டு. தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை (கடிதங்கள் இருக்கும் இடம்; திறக்கும் வழி கீழே பேக்கப் பகுதியில்) ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

படங்கள் தெரியவில்லை என்பது பிழை அல்ல. நீங்கள் கடிதத்தைத் திறந்ததை அனுப்பியவர் அறியாமல் இருக்க அது தடுத்துவைக்கப்படுகிறது. நம்பும் முகவரி என்றால் அங்கேயே அனுமதிக்கலாம்.

டவர் இல்லாத இடங்களிலும், பேக்கப்புக்கும்

தேன்கனிக்கோட்டைக்கு மேலே போகப் போக இணையம் நிற்காது. அங்கே பிரவுசரில் மெயில் பார்ப்பதைவிடத் தண்டர்பேர்ட் மிகவும் வசதி: இணைப்பு இருக்கும்போது கடிதங்களை இறக்கி வைத்துக்கொள்ளும், இல்லாதபோதும் படிக்கலாம், பதில் எழுதலாம். எழுதியது 'அவுட்பாக்ஸ்'இல் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகும். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்'இல் கடைசி 90 நாள் கடிதங்களை மட்டும் இறக்கச் சொன்னால் மொபைல் டேட்டா மிச்சம். இணைப்புக் கோப்புகளை அனுப்பும்போது ஜிமெயிலின் எல்லை 25 எம்பி என்றாலும், அனுப்பும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கிரானைட் சாம்பிள் போட்டோக்களை 18 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் ஒருமுறையிலேயே போகும்.

பேக்கப்புக்கு, 'ஹெல்ப்', 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்', அதில் 'புரொஃபைல் ஃபோல்டர்' வரிக்கு எதிரே 'ஓபன் ஃபோல்டர்' அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, ஒரு படி மேலே போய் அந்த ஃபோல்டர் மொத்தத்தையும் எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். மூடாமல் காப்பி செய்தால் பாதி எழுதிய ஃபைல்தான் கிடைக்கும். கணக்குகள், கடிதங்கள், முகவரிகள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அதற்குள் இருப்பதால் அந்தப் பென்டிரைவைப் பூட்டி வையுங்கள். 'டூல்ஸ்', 'எக்ஸ்போர்ட்' என்றும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது 2 ஜிபி வரைதான் எடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் உங்களுக்கே ஒரு கடிதம் தமிழ்த் தலைப்புடன், ஒரு பிடிஎஃப் இணைத்து அனுப்பிப் பாருங்கள். அது போனில் வந்து, படித்ததும் கம்ப்யூட்டரிலும் 'படித்தது' என்று மாறினால் ஐமேப் ஒழுங்காக ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வரையாவது ஃபார்மட் செய்யாமல் வைத்திருங்கள். விட்டுப்போன பில் ஏதாவது இருந்தால் அப்போதுதான் தேட வேண்டியிருக்கும்.